ஓதினார்கள், விளங்கினார்களா? ஷாஹ் வலியுல்லாஹ் திஹ்லவி (ரஹ்) அவர்களின் வாழ்விலிருந்து

ஒரு வேதத்தை நம்புகிறவர்கள் அந்த வேதத்தை எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்பது எல்லாச் சமயத்தவரிடமும் கேட்கக்கூடிய கேள்விதான். முஸ்லிம்களாகிய நம்மிடம் அது சற்று வேறு வடிவில் வருகிறது. அல்குர்ஆனை ஓதத் தெரியாத பிள்ளை நம் ஊர்களில் அரிது. ஐந்து, ஆறு வயதில் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போய், அலிபும் பேயும் எழுத்துக்கூட்டி, பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் முப்பது ஜுஸ்உவையும் ஓதி முடித்தவர்கள்தாம் நம்மிற் பெரும்பாலானோர். ஆனால், அன்றாடம் ஐவேளைத் தொழுகையிலும் ஓதுகின்ற ஸூரத்துல் பாத்திஹாவின் ஏழு வசனங்களுக்கும் வரிசையாகக் கருத்துச் சொல்லுங்கள் என்றால் எத்தனை பேர் தடுமாறாமல் சொல்வோம்? சிறிய ஸூராக்களைப் பற்றிக் கேட்டால் நிலைமை இன்னும் சங்கடமாகிவிடும்.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் டில்லியில் ஓர் ஆலிம் இதே கேள்வியைத் தம் காலத்து மக்களிடம் கேட்டார். அவர்தாம் இமாம் ஷாஹ் வலியுல்லாஹ் திஹ்லவி (ரஹ்). அவரைச் சீர்திருத்தவாதி என்றும், ஹதீஸ் கலை மேதை என்றும், ஹுஜ்ஜத்துல்லாஹில் பாலிஙா என்ற பெருநூலின் ஆசிரியர் என்றும் பரீட்சைக்கு மனனம் செய்கிறோம். பரீட்சை முடிந்ததும் மறந்தும் விடுகிறோம். ஆனால் அவர் செய்த பணிகளுள் மிக எளிமையானதும், அக்காலத்தில் மிகத் துணிவு வேண்டியதுமான ஒன்று உண்டு. சாதாரண மனிதனின் கையில் அல்குர்ஆனின் கருத்தைக் கொண்டுபோய் வைத்ததே அது. இக்கட்டுரை பெரும்பாலும் அந்த ஒன்றைப் பற்றியது.

ஷாஹ் வலியுல்லாஹ் அவர்கள் ஹிஜ்ரி 1114 ஷவ்வால் பிறை 4இல், அதாவது 1703 பெப்ரவரி 21இல், வட இந்தியாவின் முஸப்பர்நகர்ப் பகுதியிலுள்ள புலத் என்ற ஊரில், தாயாரின் குடும்பத்தார் வாழ்ந்த இடத்திற் பிறந்தார். சக்கரவர்த்தி அவ்ரங்கசீப் அப்போது உயிரோடிருந்தார்; இன்னும் நான்கே ஆண்டுகளில் அவர் மறைந்து, முகலாயப் பேரரசின் சரிவு தொடங்கவிருந்தது. தந்தையார் ஷாஹ் அப்துர் ரஹீம் டில்லியின் மதிப்புக்குரிய ஆலிம்களுள் ஒருவர். அரசர் பணித்துத் தொகுக்கப்பட்ட பதாவா ஆலம்கீரி என்ற பெரும் சட்டத் தொகுப்பிற் சில காலம் பணியாற்றியவர். எனினும் அரண்மனை வாசலை நாடிக் கிடந்தவர் அல்லர். டில்லியில் அவர் தொடங்கிய மத்ரஸா அவர் பெயராலேயே மத்ரஸா ரஹீமிய்யா என்று வழங்கியது.

மகன் ஐந்து வயதில் ஓதத் தொடங்கினார். ஏழாவது வயதில் தொழுகையில் நிறுத்தப்பட்டார்; அந்த ஆண்டின் முடிவிலேயே அல்குர்ஆனை ஓதி முடித்துப் பாரசீக நூல்களைத் தொடங்கினார். பதினான்கில் திருமணம். பதினைந்தில் அக்காலப் பாடத்திட்டம் முழுவதையும் கற்று முடித்துவிட்டார். தந்தையார் பெரிய விருந்து வைத்து ஊராரை அழைத்து, மகனுக்குக் கற்பிக்கும் அனுமதியையும் வழங்கினார்.

இந்த இடத்திற் சற்று நிற்க வேண்டும். தாம் கற்ற நூல்களின் பட்டியலை ஷாஹ் வலியுல்லாஹ் அவர்களே தம் சிறு சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். இலக்கணம், தர்க்கம், தத்துவம், இறையியல், சட்டம், சட்டமூலம், மருத்துவம், வானியல், கணிதம் என்று அது நீண்டு போகிறது. ஆனால் தப்ஸீர் கலையில் அவர் முறைப்படி பாடமாகக் கேட்டவை பைளாவியில் ஒரு பகுதியும், மதாரிக்கில் ஒரு பகுதியும் மாத்திரமே. பட்டியலைப் பார்க்கும் எவருக்கும் ஒரு திகைப்பு வரும். ஒரு நாட்டின் மிகச் சிறந்த மார்க்க மேதை ஆகப்போகிறவர், அல்லாஹ்வின் வேதத்துக்கான விளக்கவுரை ஒன்றைக்கூட முழுமையாக ஓதாமலே பட்டம் பெற முடிந்திருக்கிறது! இது அவருடைய குறையன்று. அன்றைய கல்வி முறை அப்படி இருந்தது. அதே காலத்தில் லக்னோவின் பிரங்கி மஹலில் முல்லா நிஸாமுத்தீன் வகுத்த, தர்ஸே நிஸாமி என்று இன்றும் வழங்கும் பாடத்திட்டத்திலும் தர்க்கத்துக்கும் தத்துவத்துக்கும் நூல்கள் அடுக்கடுக்காக இருந்தன. தப்ஸீருக்கு ஜலாலைனும் பைளாவியின் ஒரு பகுதியும்தான். கூர்மையான மூளைகளைத் தீட்டுவதற்குத் தர்க்க நூல்கள் தேவை என்பதில் ஐயமில்லை. கூர்மையான அந்த மூளை எதை வாசிக்கப் போகிறது என்ற கேள்விதான் பின்னுக்குப் போய்விட்டது.

ஷாஹ் வலியுல்லாஹ் அவர்களைக் காப்பாற்றியது தந்தையின் வீட்டுப் பாடம். அப்துர் ரஹீம் அவர்கள் விரிவுரை எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல், அல்குர்ஆனின் மூலத்தையே எடுத்து, வசனம் வசனமாகப் பொருளையும், இறங்கிய சந்தர்ப்பத்தையும், தேவைப்பட்ட இடங்களில் மாத்திரம் தப்ஸீர்களையும் பார்த்துச் சிந்தித்துக் கற்பிப்பவராக இருந்தார். அந்த வகுப்பில் பல தடவை இருக்கக் கிடைத்ததைத் தமக்கு அல்லாஹ் செய்த பேரருள்களுள் ஒன்றென்று மகன் பின்னாளிற் குறிப்பிட்டார். பெருங்கதவு திறந்தது போல் அது தமக்கு இருந்தது என்பது அவர் தந்த வருணனையின் சாரம்.

1719இல் தந்தையார் மறைந்தபோது ஷாஹ் வலியுல்லாஹ் அவர்களுக்குப் பதினேழாம் வயது நடந்துகொண்டிருந்தது. அந்த இளம் வயதில் தந்தையின் இருக்கையில் அமர்ந்து ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கற்பித்தார். பிறகு 1731இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். இரண்டு ஹஜ்கள் செய்தார். இடையில் மதீனாவில் ஷெய்க் அபூ தாஹிர் அல்குர்தி என்ற பேரறிஞரிடம் ஹதீஸ் ஓதினார். பல நாட்டு ஆலிம்களும் கூடும் அந்தப் புனித நகரங்களில் நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களோடும் பழகக் கிடைத்தது, கருத்து வேறுபாடுகளை நிதானமாகப் பார்க்கும் பார்வையை அவருக்குத் தந்தது. 1732 முடிவில் டில்லி திரும்பினார்.

ஹஜ்ஜுக்குப் போகும் முன்பே ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார். மக்கள் வாசிக்கத் தக்க பாரசீக மொழிபெயர்ப்பு ஒன்று இருக்கிறதா என்று தேடியிருந்தார். ஷாஹ் வலியுல்லாஹ்தான் முதன்முதலில் அல்குர்ஆனைப் பாரசீகத்துக்கு மொழிபெயர்த்தவர் என்று சில நூல்களில் எழுதியிருப்பார்கள், அது சரியன்று. அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, பத்தாம் நூற்றாண்டில், மத்திய ஆசியாவின் ஸாமானிய அரசர் காலத்தில் அங்குள்ள உலமாக்கள் கூடி, ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்று ஸூரா இப்ராஹீமில் வரும் கருத்தை ஆதாரமாகக் கொண்டு, பாரசீக மொழிபெயர்ப்புக்கு அனுமதி வழங்கியிருந்தார்கள். அதன் பின்னும் பல வந்தன. ஆனால் ஷாஹ் வலியுல்லாஹ் அவர்கள் பார்த்தவற்றிற் சில அளவுக்கு மீறி விரிந்து கதைகளால் நிறைந்திருந்தன. சில கருத்து விளங்காத அளவுக்குச் சுருங்கியிருந்தன. தம் மனதில் இருந்த வாசகருக்கு எதுவும் பொருந்தவில்லை.

ஆகவே தாமே தொடங்கினார். அல்பகராவையும் ஆல இம்ரானையும் முடித்த நிலையில் ஹஜ் பயணம் குறுக்கிட்டது. திரும்பி வந்து சில ஆண்டுகளின் பின், நெருங்கிய ஒருவர் அவரிடம் அல்குர்ஆனைக் கருத்தோடு ஓதத் தொடங்க, பழைய எண்ணம் மீண்டும் உயிர்பெற்றது. அன்றன்று ஓதும் பகுதியை அன்றன்றே எழுதுவதென்று தீர்மானித்தார்கள். மூன்றில் ஒரு பகுதி முடியும் வேளையில் அந்த மனிதர் பயணம் போக நேர்ந்து வேலை மறுபடியும் நின்றது. பிறகு மீண்டும் தொடங்கி, ஹிஜ்ரி 1151 ரமழானின் ஆரம்பத்தில், அதாவது 1738 டிசம்பரில், முழுமையாக எழுதி முடித்தார். பத்ஹுர் ரஹ்மான் என்று பெயரிட்டார். பெரிய பணிகள் ஒரே மூச்சில் முடிந்துவிடுவதாக நாம் நினைக்கிறோம். இதுவோ நின்று, தொடங்கி, மீண்டும் நின்று, பாடம் கேட்க ஒருவர் வந்ததால் நடந்த வேலை.

இந்த மொழிபெயர்ப்பின் முன்னுரையில் அவர் யாருக்காக எழுதினார் என்பதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். உலமாக்களுக்காக எழுதியதாகச் சொல்லவில்லை. கைத்தொழில் செய்வோரின் பிள்ளைகள், போர்வீரரின் பிள்ளைகள் ஆகியோரையே முதலிற் குறிப்பிடுகிறார். அந்தப் பிள்ளைகள் மூல குர்ஆனை ஓதி முடித்துப் பாரசீகச் சிறு நூல்களை வாசிக்கப் பழகியதும், அடுத்ததாகக் கையில் எடுக்க வேண்டியது இந்தத் தர்ஜமாவாக இருக்க வேண்டும். அவர்களின் உள்ளத்தில் முதன்முதலில் இறங்குவது அல்லாஹ்வின் வேதத்தின் கருத்தாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் மேற்கொண்டு அரபுக் கலைகளை ஓதப் போவதில்லை; தந்தையின் தொழிலுக்கோ படைக்கோ போய்விடுவார்கள். அதற்கு முன் கிடைக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளே அவர்களின் கல்வி. அந்த ஆண்டுகள் வெறும் உச்சரிப்போடு முடிந்துவிடக் கூடாது என்று அவர் கவலைப்பட்டார். வாழ்நாளின் ஒரு பகுதி கழிந்த பின் மார்க்கத்தின் பக்கம் திரும்பி, இனி அரபு இலக்கணம் படித்து முடிக்க முடியாத வயதில் இருப்போரையும் அவர் மறக்கவில்லை.

இன்னொரு நுட்பமான கேள்வியையும் அதே முன்னுரையில் எழுப்புகிறார். டில்லியின் கற்ற மக்கள் கூடிய சபைகளில் மௌலானா ரூமியின் மஸ்னவியும், ஷெய்க் ஸஅதியின் குலிஸ்தானும், அத்தாரின் பறவைகள் காவியமும், ஜாமி எழுதிய இறைநேசர் வரலாறுகளும் வாசிக்கப்படுகின்றன; கேட்போர் உருகுகிறார்கள்; விளக்கம் சொல்வோரும் இருக்கிறார்கள். அந்தச் சபைகளில் ஒரு நேரத்தை இந்தத் தர்ஜமாவுக்கும் ஒதுக்கினால் என்ன என்று கேட்கிறார். நபித்தோழர்கள் வட்டமாக அமர, ஒருவர் ஓத மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்த காட்சியை நினைவூட்டுகிறார். அவர்கள் தம் தாய்மொழி என்பதால் நேரடியாக விளங்கினார்கள். இவர்கள் மொழிபெயர்ப்பின் வழியாக விளங்கட்டும் என்பதே அவர் வாதம். இலக்கியத்தை அவர் இகழவில்லை. அவரே அரபியிற் கவிதை பாடியவர். அடியார்களின் சொற்களுக்குக் கிடைத்த செவி, படைத்தவனின் சொல்லுக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் அவர் வருத்தம்.

நம் காலத்துக்கு இதைப் பெயர்த்துப் பார்ப்பது கடினமல்ல. நம்மில் ஒருவருக்கு ஒரு தொடர் நாவலின் கதாபாத்திரங்கள் எல்லாம் பெயரோடு தெரியும். ஸூரா யூஸுபில் வரும் சகோதரர்கள் கடைசியில் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும்.

மொழிபெயர்ப்புக்கு எதிர்ப்பு எழுந்தது. பதேபூரி பள்ளிவாசலில் அவரைக் கொல்ல ஒரு கூட்டம் சூழ்ந்ததாகவும், அவர் கையிற் சிறு தடியோடு தக்பீர் முழங்கி வெளியேறியதாகவும் ஒரு கதை பின்வந்த நூல்களில் உண்டு. கேட்கச் சுவையான கதை. ஆனால் ஆய்வாளர் பலர் அதை நம்புவதில்லை. நாமும் அதை ஒரு கதையாகவே வைத்துக்கொள்ளலாம். எதிர்த்தவர்களின் அச்சத்தை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியாது. அரபு தெரியாத ஒருவன் மொழிபெயர்ப்பை வாசித்துவிட்டுத் தானே சட்டம் சொல்லத் தொடங்கினால் என்னாகும்? ஒரு வசனத்தைப் பிரித்தெடுத்து இன்னொருவனை அடிக்கும் தடியாகப் பயன்படுத்தினால்? மூலத்தின் அழகும் ஆழமும் வேற்று மொழியில் வருமா? இவை இன்றும் கேட்கப்படும் கேள்விகள். இன்றைய நிலையைப் பார்க்கும்போது அவற்றில் நியாயம் இருக்கிறது என்றே சொல்வேன்.

ஷாஹ் வலியுல்லாஹ் அவர்கள் இந்த ஆபத்தை அறியாதவர் அல்லர். அதனாற்றான் மொழிபெயர்ப்பை எழுதியதோடு நில்லாமல், மொழிபெயர்ப்பதற்கான விதிகளைப் பற்றியே தனியாக ஒரு சிறு நூல் எழுதினார். சொல்லுக்குச் சொல் வைத்தால் கருத்துச் சிதைகிறது. கருத்தை மட்டும் தன் நடையில் எழுதினால் மொழிபெயர்ப்பாளனின் எண்ணம் வேதத்தின் எண்ணமாகப் புகுந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேடினார். பாரசீகச் சொற்கள் அரபு மூலத்தின் அளவையொட்டிச் சுருக்கமாக இருக்கும்படி பார்த்தார். கட்டாயம் தேவையான இடத்தில் மட்டும் ஓரத்திற் சிறு குறிப்பு. மூலம் பக்கத்திலேயே இருக்கும். மொழிபெயர்ப்பு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளாது. அச்சத்துக்கு அவர் கண்ட மருந்து கதவைப் பூட்டுவது அன்று. வாசிப்பவனுக்கு வாசிக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பது.

அந்த முறையைச் சொல்வதுதான் அல்பவ்ஸுல் கபீர் என்ற அவருடைய இன்னொரு பாரசீக நூல். அளவிற் சிறியது, ஆனால் தப்ஸீர் கலையின் அடிப்படைகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இன்றும் மத்ரஸாக்களில், அரபு வடிவில், ஓதப்படுகிறது. அல்குர்ஆன் பேசும் விடயங்களை ஐந்து வகையாக அதிற் பிரிக்கிறார்: சட்டங்கள், வழிதவறிய கூட்டத்தாரோடு நடத்தும் விவாதம், அல்லாஹ்வின் அருட்கொடைகளை நினைவூட்டல், கடந்து போன சமூகங்களின் நிகழ்வுகளை நினைவூட்டல், மரணத்தையும் மறுமையையும் நினைவூட்டல். இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டு வாசிக்கும் ஒரு சாதாரண வாசகிக்கும் எந்த வசனம் எதைப் பேசுகிறது என்பது ஓரளவு பிடிபட்டுவிடும். சட்டம் மாற்றப்பட்ட வசனங்கள் என்று முன்னையோரிற் சிலர் ஐந்நூறு வரை எண்ணியிருந்தார்கள். இமாம் ஸுயூத்தி அதை இருபது அளவுக்குக் கொண்டுவந்தார். ஷாஹ் வலியுல்லாஹ் அவர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஐந்தே ஐந்து என்றார்.

ஆனால் அந்நூலில் என்னை நெடுநேரம் நிறுத்திய இடம் வேறு. ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு கதையைத் தேடுவது அன்றைய வழக்கம். இந்த வசனம் இன்ன யூதரைப் பற்றி, அந்த வசனம் இன்ன முனாபிக்கைப் பற்றி என்று பெயரும் ஊரும் சொல்லிவிட்டால் விளக்கம் முடிந்தது. ஷாஹ் வலியுல்லாஹ் அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. உள்ளங்களைப் பண்படுத்தவும், பிழையான கொள்கைகளையும் கெட்ட செயல்களையும் நீக்கவுமே வேதம் இறங்கியது. அந்தப் பிழையும் கெட்ட செயலும் எங்கே இருக்கின்றனவோ அங்கேயே அந்த வசனம் பேசுகிறது என்றார். அதோடு நில்லாமல் பெயர் சொல்லாமலே விரல் நீட்டினார். வேதத்தை மறைத்து உலகத்தைத் தேடிய யூத அறிஞர்களின் மாதிரியைப் பார்க்க வேண்டுமானால், நம்மிடையே உலகத்தின் பின்னால் ஓடும் கெட்ட ஆலிம்களைப் பாருங்கள். பெரியார்களை அளவு மீறி உயர்த்தியவர்களின் மாதிரி வேண்டுமானால், ஷெய்குமாரின் வாரிசுகள் தம் மூதாதையரைப் பற்றி என்ன நம்புகிறார்கள் என்று பாருங்கள். முனாபிக்குகளைக் காண வேண்டுமானால், பிரபுக்களின் சபையில் அமர்ந்து அவர்களின் விருப்பத்துக்கு ஏற்ப மார்க்கத்தை வளைப்போரைப் பாருங்கள். இது அவர் கருத்தின் சுருக்கம்.

இந்த ஒரு பக்கத்தைப் படித்த பிறகு, வேதத்தை அறிதல் என்ற சொல்லுக்கே வேறு கனம் வந்துவிடுகிறது. ஒருவருக்கு அரபு நன்றாகத் தெரியலாம். ஒவ்வொரு வசனமும் இறங்கிய இடமும் நாளும் தெரியலாம். ஆனால் கண்டிக்கப்படுவோர் எல்லாரும் எப்போதும் வேறு யாரோ என்று எண்ணிக்கொண்டு ஓதினால், அந்த மனிதருக்கு அந்த வசனம் இன்னும் போய்ச் சேரவில்லை. அவருடைய இன்னொரு நூலான தப்ஹீமாத்திலும் இதே தொனியில் ஒவ்வொரு கூட்டத்தாரையும் தனித்தனியே விளித்துப் பேசுகிறார். அரசர்கள், அமீர்கள், வீரர்கள், தொழிலாளர்கள், ஷெய்குமாரின் பிள்ளைகள் என்று வரும் வரிசையில் மார்க்கம் ஓதும் மாணவர்களும் இருக்கிறார்கள். கிரேக்கரின் கலைகளிலும் இலக்கணப் புதிர்களிலும் மூழ்கிக்கிடந்துகொண்டு, அதுதான் இல்ம் என்று நினைத்துவிட்டீர்களே என்று அவர்களைக் கடிந்துகொள்கிறார். இலக்கணமும் தர்க்கமும் கற்ற ஒருவர், அவற்றையே தம் கையால் கற்பித்த ஒருவர், இதைச் சொன்னார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பத்ஹுர் ரஹ்மான் எழுதி முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1739 மார்ச்சில் ஈரானின் நாதிர் ஷா டில்லிக்குள் நுழைந்தான். மார்ச் 22 அன்று அவனுடைய படைகள் நகரத்து மக்களை வெட்டிச் சாய்த்தன. ஒரே நாளிற் பல்லாயிரம் பேர் மாண்டார்கள், கடைத்தெருக்கள் எரிந்தன. மயிலாசனமும் கோஹினூர் வைரமும் போயின. வெட்டியவர்களும் கலிமாச் சொன்னவர்கள், வெட்டுண்டவர்களிற் பெருந்தொகையினரும் கலிமாச் சொன்னவர்கள். ஷாஹ் வலியுல்லாஹ் அவர்களின் மத்ரஸா அந்த ஆண்டுகளிலும் நடந்தது. பின்னர் அரசர் முஹம்மத் ஷா நகருக்குள் இதைவிடப் பெரிய கட்டடம் ஒன்றை அதற்குக் கொடுத்தார்.

அவருடைய வாழ்நாளில் டில்லி அரியணையிற் பத்து அரசர்கள் மாறி மாறி அமர்ந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எண்ணுவதுண்டு. கண் குருடாக்கப்பட்டவர்களும், கொல்லப்பட்டவர்களும் அவர்களுள் உண்டு. 1757இல் பிளாசியில் ஆங்கிலக் கம்பனி வென்றது. 1761இல் மூன்றாம் பானிபட் போர் நடந்தது. அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் அவர் எழுதியவையாகக் கடிதங்கள் பல உண்டு. அவற்றின் அரசியலைப் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அதற்குள் நாம் போக வேண்டியதில்லை. ஹுஜ்ஜத்துல்லாஹில் பாலிஙாவும், இமாம் மாலிக்கின் முவத்தாவுக்கு அரபியிலும் பாரசீகத்திலுமாக அவர் எழுதிய இரு உரைகளும் இந்தக் குழப்பமான காலத்துப் படைப்புகளே.

மரணத்துக்கு முன் எழுதிய வஸிய்யத்திலும் பழைய கவலையையே மீண்டும் எழுதினார். அல்குர்ஆனைக் கற்பிக்கும்போது முதலிற் தப்ஸீர் இல்லாமல் மூலத்தையும் கருத்தையும் மட்டும் ஓதிக்கொடுங்கள். இலக்கணத்திலோ இறங்கிய சந்தர்ப்பத்திலோ சிக்கல் வரும் இடத்தில் மாத்திரம் நின்று விளக்குங்கள். அதன் பிறகு அதே அளவு பகுதியை ஜலாலைனில் ஓதிக்கொடுங்கள். இதில் பல நன்மைகளைக் கண்டதாகவும் குறிப்பிட்டார். அந்த முறை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. தந்தையின் வீட்டுப் பாடம்தான் அது.

1762 ஆகஸ்ட் 20, ஹிஜ்ரி 1176 முஹர்ரம் 29இல் அவர் டில்லியில் வபாத்தானார். மெஹ்தியானில் தந்தையாரின் கப்ருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

பாரசீகம் படித்தவர்களின் மொழி; அரசாங்கத்தின் மொழி. டில்லி வீடுகளின் அடுப்படியிலும் தெருவிலும் பேசப்பட்டது ஹிந்தி என்றும் ரேக்தா என்றும் அன்று வழங்கிய, பின்னர் உர்து என்று பெயர்பெற்ற மொழி. ஆகவே பத்ஹுர் ரஹ்மான் பாதித் தூரம்தான் போனது. மற்றப் பாதியை அவருடைய பிள்ளைகள் நடந்தார்கள். மூத்தவர் ஷாஹ் அப்துல் அஸீஸ் தந்தையின் இருக்கையில் அமர்ந்து அறுபது ஆண்டுகளளவு கற்பித்தார். ஷாஹ் ரபீஉத்தீன் சொல்லுக்குச் சொல் உர்துவில் தந்தார். அரபுச் சொல்லின் கீழே அதற்குரிய உர்துச் சொல் வரும்படி அமைந்தது அது. அவருக்கு இளையவரான ஷாஹ் அப்துல் காதிர், டில்லியின் அக்பராபாதிப் பள்ளிவாசலில் ஒதுங்கியிருந்து, மக்கள் பேசும் இயல்பான மொழியில் ஒரு தர்ஜமா எழுதினார். அதற்கு மூழிஹுல் குர்ஆன் என்று பெயர். மூழிஹ், குர்ஆன் என்ற அந்த இரு சொற்களின் அரபு எழுத்துகளுக்கும் அப்ஜத் முறைப்படி எண் கொடுத்துக் கூட்டினால் 1205 வரும். அதுவே நூல் முடிந்த ஹிஜ்ரி ஆண்டு, 1790. தந்தை பத்ஹுர் ரஹ்மானை முடித்து அரை நூற்றாண்டு கழிந்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பரவியதும், மேலே அரபு மூலமும் அதன் கீழே சிறிய எழுத்திற் தந்தையின் பாரசீகமும் மகனின் உர்துவுமாக அச்சிட்ட குர்ஆன் பிரதிகள் வட இந்திய வீடுகளுக்குள் வந்தன. மத்ரஸாவுக்குப் போக வழியில்லாத பெண்களும் வீட்டில் இருந்தபடியே, ஓதிய வரியின் கீழே அதன் கருத்தை வாசிக்கத் தொடங்கினார்கள்.

தமிழுக்கு அது இன்னும் தாமதமாகவே வந்தது. ஆ. கா. அ. அப்துல் ஹமீத் பாகவி அவர்கள் தமிழில் அல்குர்ஆன் முழுவதற்குமான தர்ஜமாவைத் தந்தது இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில். அவர் ஓதியது வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்தில். நம் நாட்டின் பழைய தலைமுறை மௌலவிமார் பலரும் ஓதியது அங்கேதான். அந்தத் தர்ஜமாவும் அதன் பின் வந்த வேறு சிலவும் இன்று நம் வீட்டு அலுமாரிகளில் இருக்கின்றன. பெரும்பாலும் மேல்தட்டில், உறையிட்டு, கை எட்டாத உயரத்தில்.